இதயம் தன் அடுப்புகளைப் பேணும் விதம்

மனித உடலிலே ஓய்வென்பதை அறியாத உறுப்பு யாது என்று வினவினால், பள்ளிப் பிள்ளையும் தயங்காது இதயம் என்று விடை பகரும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால், அது நாளொன்றுக்கு ஓரிலட்சம் தடவை சுருங்கி விரிகின்றது. எழுபது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரின் இதயம் 250 கோடி தடவைக்கு மேல் துடித்திருக்கும். இரு துடிப்புகளுக்கு இடையே கிடைக்கும் அரை வினாடி இளைப்பாறல் ஒன்றே அதற்கு வாய்த்த உறக்கமாகும்.

இத்துணை உழைப்புக்கும் வேண்டிய சக்தி எங்ஙனம் கிடைக்கின்றது என்பது பாடநூல்களிலே காணப்படும் செய்திதான். ஆனால் அச்சக்தியை ஆக்கித் தரும் நுண்ணிய அடுப்புகள் ஆயுள் முழுவதும் பழுதடையாமல் எவ்வாறு பேணப்படுகின்றன என்பதோ, அண்மைக் காலத்திலே துலங்கத் தொடங்கிய செய்தி. அடுப்பு எரிவதிலும் பார்க்க அடுப்பைத் துப்புரவாக வைத்திருப்பதே கடினம் என்பதை நம் இல்லத்தரசிகள் நன்கறிவர். இதயமும் அதனை அறிந்திருக்கின்றது.

அன்றன்றே தேடும் கூலி

கலத்தினுள்ளே எந்த வேலை நடப்பதாயினும் அதற்குக் கூலியாகக் கொடுபடும் பொருள் ஒன்றுண்டு. அடினோசின் முப்பொசுபேற்று என்பது அதன் முழுப்பெயர், ஏ.ரீ.பீ. என்று சுருக்கி வழங்குவர். வளர்ந்த ஒருவரின் இதயம் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ளது. அச்சிறிய உறுப்பு ஒரு நாளிலே செலவிடும் ஏ.ரீ.பீ.யின் அளவோ 6 கிலோகிராம் வரை என்று கணக்கிட்டுள்ளனர். தன் எடையைப் போல இருபது மடங்கு பொருளை அது எங்கே சேமித்து வைத்திருக்கும் என்று ஐயுறவேண்டா. சேமிப்பு என்பது அங்கே இல்லை. செலவழிந்த பொருள் உடனுக்குடன் மீண்டும் ஆக்கப்பட்டு, அதே கணத்தில் மீண்டும் செலவழிகின்றது. ஆக்கும் வேலை தடைப்பட்டால், கையிருப்பு சில வினாடிகளுக்கே போதுமானதாகும். மாரடைப்பு நேர்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதில் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதி வாய்ந்தது என்று வைத்தியர்கள் வற்புறுத்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இக்கூலியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கினை ஆக்குவன இழைமணிகள். இதயத்தசைக் கலம் ஒன்றை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினால், சுருங்கும் நார்கள் வரிசை வரிசையாகக் கிடப்பதையும், அவற்றின் இடைவெளி தோறும் இழைமணிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதையும் காணலாம். ஒரு கலத்திலே ஆயிரக்கணக்கில் அவை உள்ளன. கலத்தின் பருமனில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை அவையே அடைத்துக்கொண்டிருக்கின்றன.

இழைமணி என்னும் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1898ஆம் ஆண்டிலே யேர்மானிய அறிஞராகிய கார்ள் பெண்டா இவற்றுக்குப் பெயரிட முனைந்தபோது, சில இழை போன்றும் சில மணி போன்றும் தோன்றக் கண்டு, நூலிழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் சிறுமணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து ‘மைற்றோகொண்ட்ரியன்’ என்றார். நம் பாடநூலாசிரியர் ஆக்கிய தமிழ்ப்பெயர் அந்தப் பொருளைச் சிறிதும் சிந்தாமல் ஏந்தி நிற்கின்றது. கலைச்சொல்லாக்கத்திலே இத்தகைய நற்பேறு எப்போதும் வாய்ப்பதில்லை.

பெண்டாவுக்கு முன்னரே, 1890இல், றிச்சட் அல்ற்மன் என்பவர் இவற்றைக் கண்டு, இவை கலத்தினுள்ளே குடியிருக்கும் தனி உயிர்கள் என்று எழுதினார். அக்காலத்தவர் அதனை ஏற்றிலர். 1967இல் அமெரிக்கரான லின் மார்குலிஸ் அம்மையார் அதையொத்த கருத்தை வேறு சான்றுகளுடன் நிலைநாட்ட முற்பட்டார். இழைமணிகளின் மூதாதையர் பண்டைக்காலத்தில் தனித்து வாழ்ந்த பற்றீரியாக்கள் என்பதும், வேறொரு கலத்தினுள் புகுந்து அதனோடு கூடிவாழப் பழகியவை என்பதும் இன்று விஞ்ஞானிகளால் பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மைகள். குடிவந்தவர் தம் சீதனத்தை முற்றாகக் கைவிடவில்லை. ஒவ்வோர் இழைமணியும் கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ.க்குப் புறம்பாகத் தனக்கென ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தை வைத்திருக்கின்றது. 1981இல் கேம்பிரிட்ஜில் பிரெட் சாங்கர் குழுவினர் மனிதனின் அவ்வளையத்தை முழுதாக வாசித்தனர். எழுத்துகள் 16,569, பரம்பரையலகுகள் 37. அவற்றுள் புரதம் ஆக்கும் கட்டளைகள் 13 மாத்திரமே. இழைமணிக்கு வேண்டிய ஏனைய ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்கள் யாவும் கருவின் கட்டளைப்படி வெளியே ஆக்கப்பட்டு, உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. இந்த ‘உள்ளே இழுத்தல்’ என்பதை வாசகர் நினைவில் இருத்திக்கொள்க. பின்னர் வேண்டியிருக்கும்.

எரியும் இடத்தில் எழும் புகை

இழைமணிக்கு இரு மென்சவ்வுகள் உண்டு. உட்சவ்வு பல மடிப்புகளாக மடிந்து கிடக்கும். உணவிலிருந்து வரும் இலத்திரன்கள் அந்த உட்சவ்விலுள்ள புரதத் தொடர் வழியே கைமாறிச் சென்று, ஈற்றில் ஒட்சிசனை அடைந்து நீராகின்றன. செல்லும் வழியிலே அவை இழக்கும் சக்தியைக் கொண்டு ஐதரசன் அயன்கள் சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு இறைக்கப்படுகின்றன. அணை கட்டித் தேக்கிய நீர் போல அங்கே அயன்கள் தேங்கி நிற்கும். அவை திரும்பிப் பாய்கையில், சவ்விலே பதிந்துள்ள ஒரு நொதியம் நீராலை போலச் சுழன்று ஏ.ரீ.பீ.யை ஆக்குகின்றது. 1961இல் இங்கிலாந்தின் பீற்றர் மிச்செல் இக்கருத்தை வெளியிட்டபோது நம்புவார் அரியராயிருந்தனர். 1978இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அந்நொதியத்தின் அமைப்பை 1994இல் யோன் வோக்கர் குழுவினர் துலக்கியதும் மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்த இழைமணிகளைக் கொண்டே. இறைச்சிக்கடையிற் கிடைக்கும் மாட்டிதயம் உயிர் இரசாயனத்துக்குச் செய்த உபகாரம் பெரிது. இழைமணி நிறைந்த உறுப்பு அதைப்போல் மலிவாக வேறெங்கும் கிடைப்பதில்லை.

தேங்கிய அயன்களினால் உட்சவ்வின் இருபுறத்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகின்றது. அது ஒரு வோற்றின் ஏழிலொரு பங்கு அளவினதே. ஆயினும் சவ்வின் தடிப்பு மிகமிகச் சிறிதாகையால், ஒரு மில்லிமீற்றர் தூரத்துக்கு 30,000 வோற்று என்ற வீதத்துக்கு ஒப்பான அழுத்தத்தை அது தாங்கிக்கொண்டிருக்கின்றது. இழைமணியின் உயிர்நாடி இந்த மின்னழுத்தம். இது உள்ளவரை அது நலமுள்ளது. இது தளர்ந்தால் அது நோயுற்றது.

தளர்வது எதனால்? எவ்வளவு நல்ல அடுப்பாயினும் புகை சிறிது எழவே செய்யும். கைமாறிச் செல்லும் இலத்திரன்களிற் சில வழிதவறி ஒட்சிசனை இடையிலேயே பற்றிக்கொள்ள, தாக்குந்தன்மை மிக்க ஒட்சிசன் வடிவங்கள் தோன்றுகின்றன. இவை அருகிலுள்ள புரதங்களையும், கொழுப்பாலாய சவ்வையும், அண்மையிலேயே கிடக்கும் டி.என்.ஏ. வளையத்தையும் அரிக்கின்றன. இப்புகையை அணைக்கும் நொதியங்கள் உள்ளனவெனினும், நாட்செல்லச் செல்லப் பழுது சேரும். பழுதுற்ற இழைமணி குறைந்த ஏ.ரீ.பீ.யை ஆக்கி, மிகுந்த புகையைக் கக்கும். அப்புகை அயலிலுள்ள நல்ல இழைமணிகளையும் கெடுக்கும். ஆதலால் பழுதானதை விட்டு வைப்பது அதன் அயலவர்க்கும் கேடாகின்றது.

கலம் புதிதாவதில்லை

‘பழுதுற்ற கலத்தையே நீக்கிவிட்டுப் புதுக்கலத்தை ஆக்கினால் என்ன?’ என்று மாணவர் கேட்கலாம். தோலும் குடலும் குருதியும் அவ்வாறே செய்கின்றன. செங்குருதிக்கலம் ஒன்றின் ஆயுள் நான்கு மாதம்; குடலின் உட்படலக் கலத்துக்கோ சில நாள்கள். இதயத்தசைக் கலத்தின் வயது எவ்வளவு?

இக்கேள்விக்கு விடை கண்ட கதை விசித்திரமானது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியிலே அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் வளிமண்டலத்தில் காபன்-14 என்னும் கதிர்வீசும் காபனின் அளவு ஏறத்தாழ இருமடங்காகியது. 1963ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னர் அது படிப்படியாகக் குறைந்தது. மரஞ்செடிகள் அக்காபனை உண்டன. அவற்றை மனிதர் உண்டனர். ஒரு கலம் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.யில் அவ்வாண்டுக்குரிய காபன்-14இன் அளவு முத்திரை போலப் பதிந்துவிடும். சுவீடனைச் சேர்ந்த யோனாஸ் பிறிசெனும் அவர்தம் துணைவரும், இறந்தோரின் இதயங்களிலிருந்து எடுத்த தசைக்கலக் கருக்களிலே இம்முத்திரையை வாசித்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். இருபத்தைந்து வயதிலே ஓராண்டுக்கு நூற்றுக்கு ஒரு கலமே புதிதாகின்றது. எழுபத்தைந்து வயதிலே அதிலும் அரைவாசிக்குக் குறைவு. ஒருவரின் ஆயுள் முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் இதயத்தசைக் கலங்களிற் பாதியேனும் மாற்றமடைவதில்லை.

மனித குலத்தை அச்சுறுத்திய வெடிப்புகள் இதயத்தின் இரகசியம் ஒன்றைச் சொல்ல உதவின என்பதை எண்ணும்போது, மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை.

பாட்டனாரின் மார்பிலே இன்று துடிக்கும் கலங்களிற் பெரும்பாலானவை அவர் தாயின் மடியிற் கிடந்தபோதே இருந்தவை. ஆனால் அக்கலங்களினுள்ளே இருக்கும் இழைமணிகள் பழையவை அல்ல. எலிகளில் நடத்திய ஆய்வுகளின்படி, இதயத்திலுள்ள இழைமணிகள் வாரக்கணக்கிற் பாதிக்குப் பாதி புதிதாகின்றன. பனையோலையால் வேய்ந்த வீட்டை எண்ணிப் பார்க்கலாம். கப்பும் வளையும் பாட்டன் நாட்டியவை; மேலே கிடக்கும் ஓலையோ காலந்தோறும் மாற்றப்படுவது. பழைய ஓலையைக் களையாமல் அதன் மீதே புது ஓலையை வேய்ந்துகொண்டு போனால் கூரை தாங்காது. களைவதே முதல் வேலை.

களையும் கருவி

1955இல் பெல்ஜிய நாட்டின் கிறிஸ்ரியன் டி டுவே, கலத்தினுள்ளே சமிபாட்டு நொதியங்கள் நிறைந்த சிறு பைகள் உண்டென்று கண்டு, அவற்றை இலைசொசோம் என்றார். கலம் தன் உறுப்புகளையே ஒரு சவ்வுப் பையிற் பொதிந்து அந்த இலைசொசோமிடம் ஒப்படைத்துச் செரிக்கச் செய்கின்றது என்பதும் தெரிய வந்தது. இச்செயலுக்கு 1963இல் அவரே ‘ஓற்றோபேஜி’ என்று பெயரிட்டார். தன்னைத் தானே உண்ணல் என்பது பொருள். நாம் தன்னுண்ணல் எனலாம். பெயர் அச்சந் தருவதாயினும் செயல் நன்மையே. செரித்த பொருள் வீணாவதில்லை. அமினோ அமிலங்களும் கொழுப்பமிலங்களும் மீண்டும் கட்டட வேலைக்கு வந்துசேர்கின்றன.

இத்தன்னுண்ணலை இயக்கும் பரம்பரையலகுகள் எவை என்பது முப்பது ஆண்டுகள் வரை இருளில் இருந்தது. யப்பானின் யோஷினோரி ஒசுமி, அப்பத்துக்கு மாப் புளிக்கச் செய்யும் மதுவத்தைப் பட்டினி போட்டு, 1990களின் தொடக்கத்திலே அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்தார். மதுவத்தில் உள்ளவற்றுக்கு நேரான பரம்பரையலகுகள் மனிதனிலும் உண்டு. 2016இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பழுதானது எது?

இனி நம் கேள்வி கூர்மையடைகின்றது. ஆயிரக்கணக்கான இழைமணிகள் நெருங்கிக் கிடக்கையில், இது நல்லது, இது கெட்டது என்று கலம் எவ்வாறு அறிகின்றது? நல்லதைத் தின்றாலும் கேடு. கெட்டதை விட்டாலும் கேடு.

விடை வந்த திசை எவரும் எதிர்பாராதது. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் முதியோரைப் பற்றுவது. இளவயதிலேயே அந்நோய் தோன்றும் யப்பானியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், 1998இல் அதற்குக் காரணமான பரம்பரையலகு ஒன்றைக் கண்டு, அதன் புரதத்துக்குப் பார்க்கின் என்று பெயரிட்டனர். 2004இல் ஐரோப்பியக் குடும்பங்களிலே பிங்க்-1 என்னும் மற்றொன்று அகப்பட்டது. மூளை நோய்க்குரிய இவ்விரு புரதங்களும் என்ன தொழில் செய்கின்றன என்பது சில ஆண்டுகள் விளங்காமலிருந்தது. 2008இல் அமெரிக்காவிலே றிச்சட் யூல் என்பவரின் ஆய்வுகூடத்தில், மின்னழுத்தம் இழந்த இழைமணிகளை நோக்கிப் பார்க்கின் விரைந்து சென்று ஒட்டிக்கொள்வதையும், ஒட்டப்பட்டவை தன்னுண்ணலுக்கு இரையாவதையும் கண்டனர். பிங்க்-1இன் பங்கு 2010ஐ அண்டித் தெளிவாகியது.

முன்னே நினைவில் இருத்தச் சொன்ன ‘உள்ளே இழுத்தல்’ இங்கேதான் பயன்படுகின்றது. பிங்க்-1 வெளியே ஆக்கப்பட்டு இழைமணிக்கு அனுப்பப்படும் புரதம். நலமுள்ள இழைமணி தன் மின்னழுத்தத்தின் வலிமையால் அதனை உள்ளே இழுத்து, வெட்டி, அழிவுக்கு அனுப்பிவிடும். ஆகவே நல்ல இழைமணியின் மேற்பரப்பில் பிங்க்-1 தங்குவதில்லை. மின்னழுத்தம் தளர்ந்த இழைமணிக்கோ இழுக்கும் ஆற்றல் இல்லை. வந்த பிங்க்-1 வாயிலிலேயே நின்றுவிடும். ஒன்று, இரண்டு, பத்து, நூறு எனக் குவியும். வாசலிலே நாளிதழ்கள் எடுப்பாரின்றிக் குவிந்து கிடந்தால், அவ்வீட்டாருக்கு என்ன நேர்ந்ததோ என்று அயலார் ஐயுறுவதில்லையா? அதைப் போன்றதே இது. கலம் எந்த இழைமணியையும் திறந்து சோதிப்பதில்லை. இயலாமையே தன்னை அறிவித்துக்கொள்கின்றது.

குவிந்த பிங்க்-1, யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதத்திலே பொசுபேற்றை ஏற்றி, அதனால் பார்க்கினை அழைத்து எழுப்புகின்றது. எழுந்த பார்க்கின் அந்த இழைமணியின் வெளிச்சவ்வெங்கும் யுபிகுவிட்டின்களைச் சங்கிலி சங்கிலியாகக் கோக்கின்றது. வெட்டவேண்டிய மரத்திற் சுண்ணாம்புக் குறி இடுவதை ஒத்தது அது. குறியைக் கண்டு சவ்வுப்பை வந்து சூழ்கின்றது, இலைசொசோம் வந்து கலக்கின்றது, இழைமணி மறைகின்றது. இதயத்திலே இழைமணியின் மேலுள்ள மைற்றோபியூசின்-2 என்னும் புரதமும் பிங்க்-1இன் ஏவலால் பார்க்கினுக்குக் கைகொடுக்கின்றது என்று 2013இல் சென் லூயி நகரத்து ஜெரல்ட் டோண் குழுவினர் காட்டினர்.

இவ்வளவு அழகான ஏற்பாட்டைக் கண்டபின், வளர்ந்த சுண்டெலியின் இதயத்திலிருந்து பார்க்கினை நீக்கினால் இதயம் உடனே நின்றுவிடும் என்றுதான் எவரும் எண்ணுவர். அவ்வாறு நிகழவில்லை! பார்க்கின் இல்லாத சுண்டெலிகள் சாதாரண வாழ்விலே நன்றாகவே ஓடித்திரிந்தன. மாரடைப்பை உண்டாக்கியபோது மாத்திரம் அவை ஏனைய சுண்டெலிகளிலும் மிகுதியாக இறந்தன. சாதாரண நாள்களில் வேறு வழிகள் வேலை செய்கின்றன என்பதே இதன் பொருள். பார்க்கினின் உதவியின்றித் தாமே தன்னுண்ணற் பையைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் சிலவும் இழைமணிகளின் மேல் உள்ளன.

ஆனால் பார்க்கின் இன்றியமையாத காலம் ஒன்றுண்டு என்று 2015இல் டோண் குழுவினரே கண்டனர். கருப்பையிலுள்ள குழவியின் இதயம் பெரும்பாலும் வெல்லச் சத்தையே எரிக்கின்றது. பிறந்து பால் குடிக்கத் தொடங்கியதும் கொழுப்பை எரிக்கப் பழகவேண்டும். வளர்ந்தோர் இதயத்துக்கும் முதன்மையான எரிபொருள் கொழுப்பமிலமே. பழைய இழைமணிகள் புதிய தொழிலைக் கற்றுக்கொள்கின்றனவா? இல்லை, பழையவை களையப்பட்டு, புதியவை அவ்விடத்தில் ஆக்கப்படுகின்றன. சுண்டெலிக் குட்டிகளிலே பிறந்தது முதல் இதயத்தில் பார்க்கினை இல்லாமற் செய்தபோது இம்மாற்றம் நிகழாமல் இதயம் கெட்டது. பால்குடி மறந்தபின் இல்லாமற் செய்தபோது அக்கேடு நேரவில்லை. தாய்ப்பாலை உண்ணக் குழந்தையின் வாய் மட்டும் ஆயத்தமாவது போதாது போலும்!

ஒட்டலும் பிரிதலும், வெளியே எறிதலும்

களைவதற்கு முன்னர் இழைமணிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதும், ஒன்று இரண்டாகப் பிரிவதும் உண்டு. ஒட்டும்போது நல்லதன் பொருள்கள் நலிந்ததற்குக் கிடைக்கின்றன. பிரியும்போது பழுது ஒரு துண்டில் ஒதுக்கப்பட, அத்துண்டு களையப்படுகின்றது. நெருக்கமாக அடுக்கப்பட்ட இதயக் கலத்திலே இவை மெதுவாகவே நடைபெறுகின்றன. எனினும் ஒட்டும் புரதங்களை நீக்கினாலும், பிரிக்கும் புரதத்தை நீக்கினாலும் சுண்டெலியின் இதயம் தளர்ந்து போகின்றது.

எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே எரித்து முடிக்க முடியுமா? 2020இல் ஸ்பெயின் தலைநகர் மட்றிட்டிலிருந்து வந்த செய்தி, முடியாது என்கின்றது. அங்குள்ள ஆய்வாளர், சுண்டெலியின் இதயத்தசைக் கலங்கள் பழுதுற்ற இழைமணிகளையும் பிற கழிவுகளையும் சவ்வுப் பொதிகளாகக் கட்டி வெளியே தள்ளுவதைக் கண்டனர். தசைக்கலங்களின் அருகே குடியிருக்கும் பெருவிழுங்கிக் கலங்கள் அப்பொதிகளை ஏற்று விழுங்கிச் செரிக்கின்றன. கிருமிகளோடு போரிடும் படைவீரர் என்றே நாம் படித்த கலங்கள் இவை! அமைதிக் காலத்தில் அவை குப்பை வண்டி தள்ளுகின்றன. பெருவிழுங்கிகளை நீக்கியபோது தசைக்கலங்களினுள்ளே பழுதான இழைமணிகள் தேங்கின. இதயத்தின் வலிமையும் குன்றியது.

மாத்திரை விற்போரும் மெய்யும்

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை பொருந்தும். ‘இழைமணிகளைத் தூய்மையாக்கும்’, ‘கலங்களை இளமையாக்கும்’ என்றெல்லாம் விளம்பரத்தோடு மாத்திரைகளும் தூள்களும் விற்பனைக்கு வருகின்றன. மனிதரின் இதயத்தில் இழைமணிகளைத் துப்புரவாக்கி நோயைத் தடுப்பதாக நிறுவப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. நல்ல அடிப்படையுள்ள எண்ணங்களே சோதனையிற் தோற்றதுண்டு. மாரடைப்பின்போது அடைபட்ட குருதி மீண்டும் பாய்கையில் இழைமணிச் சவ்விலே துவாரம் திறந்து பெருங்கேடு விளைகின்றது. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து அதனைத் தடுக்கும் என்று 2008இல் 58 நோயாளரிடம் நடத்திய சிறு ஆய்வு நம்பிக்கை ஊட்டியது. 970 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்ட பெரிய ஆய்விலே பயன் ஒன்றும் காணப்படவில்லை. நோயாளர் உயிரோடு விளையாடாமல் இவ்வாறு சோதித்தறிந்தவரைப் பாராட்டவேண்டும்; சோதியாமல் விற்பவரை என்னென்பது?

உடற்பயிற்சியின் சங்கதி வேறு. 2012இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பெத் லெவைன் அம்மையார் குழுவினர், சுழலும் பட்டியின் மீது சுண்டெலிகளை ஓடவிட்டு, அவற்றின் கைகால் தசைகளில் மட்டுமன்றி இதயத்தசையிலும் தன்னுண்ணல் பெருகுவதைக் கண்டனர். இது சுண்டெலியிற் கண்டது. மனிதரின் இதயத்தினுள்ளே இதனை நேரிற் பார்ப்பது எளிதன்று. எனினும் நடையும் ஓட்டமும் இதயநோயைக் குறைக்கும் என்பதற்கு வேறு சான்றுகள் ஏராளம் உள்ளன. கட்டணமும் இல்லை.

களையாத வீடு

துப்புரவு வேலை மனிதரிலே முற்றாகத் தடைப்பட்டால் என்னவாகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1981இல் மோறிஸ் டானன் என்ற வைத்தியரும் துணைவரும், உறவினரல்லாத பதினாறு வயதுச் சிறுவர் இருவரைப் பற்றி எழுதினர். இருவருக்கும் இதயம் பருத்திருந்தது, தசைகள் வலுவிழந்திருந்தன, அறிவு வளர்ச்சியும் குன்றியிருந்தது. 2000ஆம் ஆண்டிலே காரணம் வெளிப்பட்டது. இலைசொசோமின் சவ்விலுள்ள லாம்ப்-2 என்னும் புரதம் அவர்களிடம் இல்லை. அது இல்லாதபோது, பொதிந்த பைகள் இலைசொசோமுடன் சரிவரக் கலந்து செரிப்பதில்லை. குறியிட்டாயிற்று, பொதிந்தாயிற்று; கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை. தசைக்கலங்களிலே செரியாத பைகள் நிறைகின்றன. பழுதான இழைமணிகள் தேங்குகின்றன. பிறந்தபோது நலமாகத் தோன்றும் ஆண்பிள்ளையின் இதயம் இருபது வயதை அண்டுமுன்னரே மாற்றிதயம் வேண்டும் நிலைக்கு வருவது பெரும்பாலும் நிகழ்கின்றது.

அரைகுறையாகச் செரித்ததும் ஆபத்தே. 2012இல் யப்பானிய, பிரித்தானிய ஆய்வாளர் சுண்டெலிகளிற் கண்டது இது: இலைசொசோமிலே அழியாது தப்பிய இழைமணி டி.என்.ஏ.யைக் கலம் பற்றீரியாவின் டி.என்.ஏ. என்று மயங்கி அழற்சியை மூட்டுகின்றது, இதயம் தளர்கின்றது. அல்ற்மன் கண்ட குடியிருப்பாளரின் பூர்வீகம் இத்துணைக் காலத்துக்குப் பின்னும் மறையவில்லை.

டானன் நோய்க்கு, குறைபட்ட பரம்பரையலகின் நல்ல பிரதியை நோய் விளைக்காத வைரசு ஒன்றில் ஏற்றி இதயத்துக்கு அனுப்பும் சிகிச்சை சோதிக்கப்பட்டது. சிறு தொகை நோயாளரிடம் பெற்ற முதற்கட்ட முடிவுகள் 2024இல் வெளியாகின. இதயத்தில் லாம்ப்-2 மீண்டும் தோன்றியதும், பருத்த தசை குறைந்ததும் அவற்றிற் கூறப்பட்டன. அச்சிகிச்சை ஆபத்து அறவே அற்றதென்று கூறுவதற்கில்லை.

அப்பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. மகனுக்கு எக்ஸ் ஒன்றே. அது குறைபட்டதாயின் மாற்று இல்லை. தாய்க்கோ எக்ஸ் இரண்டு. அவளுடைய ஒவ்வொரு கலத்திலும் அவ்விரண்டில் ஒன்றே விழித்திருக்கும். ஆதலால் அவளின் இதயத்திலே துப்புரவு செய்யவல்ல கலங்களும், செய்யமாட்டாத கலங்களும் அருகருகே கலந்து கிடந்து ஒன்றாகத் துடிக்கின்றன. நோய் அவளையும் விடுவதில்லை. ஆனால் மகனிலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் பிந்தியே வருகின்றது. மகனின் நோய் கண்டறியப்பட்டபின், தாயின் இதயத்தையும் சகோதரிகளின் இதயத்தையும் வைத்தியர்கள் சோதிப்பது இதனாலேயே.